தலைமயிர் நடும் சத்திரசிகிச்சை: ஆதாயமும் ஆபத்தும்

வழுக்கையால் எவரும் இறந்ததில்லை. குடல்வளரியில் அழற்சி கண்ட ஒருவர் சத்திரசிகிச்சைக்கு உடன்படுங்கால், அதனைச் செய்யாதுவிட்டால் வரும் கேட்டையும் செய்வதால் வரக்கூடிய கேட்டையும் இரு தட்டுகளிலே வைத்து நிறுத்துப் பார்க்கிறார். ஒரு தட்டிலே உயிரே இருப்பதால், மற்றத் தட்டிலே ஓரளவு ஆபத்து இருப்பினும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. தலைமயிரை மீட்டுத் தரும் சத்திரசிகிச்சையிலோ தட்டிலே இருப்பது உயிரன்று, மனக்குறை. அம்மனக்குறையைச் சிறிதென்று தள்ளிவிடவும் முடியாது. இருபத்தைந்து வயதிலே நெற்றி ஏறிய இளைஞன், பெண்பார்க்கச் செல்லும்போதும் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும்போதும் படும் கூச்சத்தை, அறுபது வயதிலே வழுக்கை கண்டோர் எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும் மனக்குறைக்கு எதிரே வைக்கப்படும் ஆபத்தை, உயிருக்கு எதிரே வைக்கப்படும் ஆபத்தைக் காட்டிலும் கண்டிப்பாகவே நிறுக்கவேண்டும்.

இச்சிகிச்சையின் ஆபத்துக்களை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், முதலில் வழுக்கை விழும் விதத்தை அறிதல் வேண்டும். ஆண்களின் வழுக்கைக்குப் பரம்பரையும் ஆண்மை ஓமோனும் சேர்ந்து காரணமாகின்றன. பருவமடையுமுன் விதை நீக்கப்பட்டோருக்கு இவ்வகை வழுக்கை விழுவதில்லை என்பதையும், பரம்பரைச் சார்புடைய அத்தகையோருக்கு அவ்வோமோனை மருந்தாகக் கொடுத்தபோது வழுக்கை தோன்றியதையும் அமெரிக்க உடற்கூற்றறிஞர் ஜேம்ஸ் ஹமில்டன் 1942 ஆம் ஆண்டிலே எடுத்துக் காட்டினார். ஓமோனின் தாக்கத்தால் நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்ப்புடைப்புகள் ஆண்டுதோறும் சுருங்குகின்றன. அவற்றிலிருந்து முளைக்கும் மயிரும் மெலிந்து, பூனைமயிராகி, ஈற்றில் கண்ணுக்குப் புலப்படாதொழிகிறது. ஆனால் பிடரியிலும் காதுகளுக்கு மேலேயும் உள்ள மயிர், குதிரைலாடம் போன்ற வடிவிலே, முதுமையிலும் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. அப்பகுதியின் புடைப்புகளை ஓமோன் எளிதிற் சுருக்குவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டின் மீதே தலைமயிர் நடும் கலை முழுவதும் எழுப்பப்பட்டிருக்கிறது.

யப்பானியத் தோல் வைத்தியர் ஷோஜி ஒகுடா என்பவர், எரிகாயத்தாலும் பிற காயங்களாலும் மயிரிழந்த இடங்களுக்கு, மயிருள்ள தோலைச் சிறு வட்டக் குழாய்க்கத்தியால் துளைத்தெடுத்து நட்டுப் பயன் கண்டு, 1939 ஆம் ஆண்டிலே அதனை வெளியிட்டார். அவர் நாட்டவரான ஹஜிமே தமுரா 1943 ஆம் ஆண்டிலே இதனினும் நுண்ணிய முறையை விவரித்தார். ஆனால் உலகப்போர் மூண்டிருந்த காலமாதலின், யப்பானிய மொழியில் வெளிவந்த இவ்வரிய வேலை மேனாட்டாரின் கண்ணிற் படவில்லை. நியூயோர்க்கிலே தோல் வைத்தியராயிருந்த நோர்மன் ஒரென்ட்ரைக் 1952 ஆம் ஆண்டிலே ஆண் வழுக்கைக்கு இச்சிகிச்சையைச் செய்து, 1959 ஆம் ஆண்டிலே அதன் பலனை வெளியிட்டார். பிடரியிலிருந்து எடுத்து நெற்றியில் நட்ட மயிர், நெற்றி மயிரின் குணத்தை அடையாது பிடரி மயிரின் குணத்தையே காத்துக்கொள்ளும் என்பது அவர் நிறுவிய உண்மை. நாற்று எந்த வயலிலே நடப்பட்டாலும் தன் இனத்தை மாற்றிக்கொள்ளாததைப் போன்றது இது.

ஆயினும் நெல் நாற்றுக்கும் இந்நாற்றுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. நெல்லுக்கு நாற்றுமேடையை அடுத்த போகத்திலே மீண்டும் விதைத்துக்கொள்ளலாம். தலையின் நாற்றுமேடையோ ஒருமுறை பிடுங்கிய இடத்திலே மீண்டும் முளைப்பதில்லை. இச்சத்திரசிகிச்சை எவ்வகையினதாயினும், புதிதாக ஒரு மயிரையேனும் உண்டாக்குவதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறது, அவ்வளவே. எனவே எம்முறை நன்று என்ற கேள்விக்குள்ளே, எம்முறை நாற்றுமேடையைக் குறைவாக வீணாக்குகிறது என்ற கேள்வி அடங்கியிருக்கிறது. விளம்பரங்கள் இக்கேள்வியைத் தொடுவதில்லை.

ஒரென்ட்ரைக்கின் முறையிலே நாற்று ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் விட்டமுடைய வட்டத் தோலாயிருந்தது. அதிலே பத்துக்கும் மேற்பட்ட மயிர்கள் சேர்ந்து நின்றன. நட்டவை நன்றாகவே முளைத்தன. முளைத்ததுதான் தொல்லையாயிற்று. நெற்றியோரத்திலே பொம்மையின் தலையிற் குத்தப்பட்ட மயிர்க்கொத்துப்போல வரிசை வரிசையாக அவை நின்றன. நாற்பது வயதிலே நட்டுக்கொண்டவருக்கு ஐம்பதிலே வேறொரு சங்கடம் வந்தது. நட்ட மயிர் அசையாது நிற்க, அதன் பின்னே இருந்த இயற்கை மயிர் தொடர்ந்து உதிர்ந்து பின்வாங்கியது. முன்னே ஒரு வேலி, பின்னே வெறுந்தரை என்ற தோற்றம் உண்டாயிற்று. சத்திரசிகிச்சை அன்று தோற்கவில்லை; பத்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் தோற்றது. இச்சிகிச்சையின் ஆபத்தை மேசையிலிருந்து எழும் நேரத்தோடு முடிந்துவிட்டதாகக் கொள்ளுவோர் இவ்வரலாற்றை மறந்தோராவர்.

1970ஆம் ஆண்டுகளிலே வேறிரு வழிகள் செல்வாக்குப் பெற்றன. வழுக்கையான தோலையே வெட்டி நீக்கி, இருபுறத்து மயிருள்ள தோலை இழுத்துத் தைப்பது ஒன்று. இழுத்த தோல் நாளடைவிலே மீண்டும் விரிந்துகொடுத்ததால் வழுக்கை ஓரளவு திரும்பியது. உச்சியின் நடுவே தழும்பும் எஞ்சியது. மற்றது, ஆர்ஜென்டீனா நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹோசே ஜூரி 1975 ஆம் ஆண்டிலே விவரித்த மடிப்பு முறை. காதருகிலிருந்து பிடரிவரை நீண்ட மயிருள்ள தோற்பட்டையை, ஒரு முனையிலே குருதிக்குழாயோடு விட்டுவைத்தபடியே, நெற்றிக்குத் திருப்பித் தைக்கும் பெருஞ்சிகிச்சை அது. அடர்த்தியான மயிர் ஒரேயடியாகக் கிடைத்தது உண்மை. ஆனால் பட்டையின் கடைசி முனைக்குக் குருதி எட்டாவிடில் அம்முனை அழுகிவிடும். அழகுக்காகப் போனவர் நெற்றியிலே புண்ணோடு திரும்பும் நிலை அது. எரிகாயம்பட்ட தலைகளைச் சீர்செய்வதற்கு மடிப்பு முறை இன்றும் உதவுகிறது; சாதாரண வழுக்கைக்கு இவ்விரண்டையும் இக்காலத்தார் பெரிதும் கைவிட்டுவிட்டனர். செயற்கை இழைகளைத் தலையிலே குத்தி நிறுத்தும் முறையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. உடல் ஏற்காத பொருளைத் தோலுக்குள் விட்டதனால் சீழும் தழும்பும் உண்டாயின. அமெரிக்க அரசு 1983 ஆம் ஆண்டிலே அவ்விழைகளைத் தடைசெய்தது.

இக்காலத்திலே நிலைத்திருப்பவை இரண்டு முறைகள். இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. தலைமயிர் தனித்தனியாக அன்றி, ஒன்று முதல் நான்கு மயிர் கொண்ட சிறு கூட்டங்களாகவே இயற்கையில் முளைக்கிறது என்பதை ஹெடிங்டன் என்பவர் 1984 ஆம் ஆண்டிலே விளக்கினார். அக்கூட்டத்தைக் குலைக்காது அப்படியே நட்டால் பொம்மைத் தலையின் தோற்றம் வராது. இக்கூட்டங்களைப் பெறும் வழியிலேதான் இரு முறைகளும் பிரிகின்றன.

முதலாவது கீற்று முறை, விளம்பரங்களிலே எப். யூ. ரீ. என்று குறிக்கப்படுவது. பிடரியிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் இருபது முப்பது சென்ரிமீற்றர் நீளமும் உள்ள தோற்கீற்றை வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தைத் தைத்துவிடுவர். கீற்றை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து, மயிர்க்கூட்டம் ஒவ்வொன்றையும் பிரித்தெடுப்பர். டெக்சாஸ் மாநிலத்துத் தோல் வைத்தியர் பொபி லிம்மர் 1988 ஆம் ஆண்டு முதல் இங்ஙனம் நுணுக்குக்காட்டியைக் கையாண்டார். கண்ணாற் கண்டு பிரிப்பதனால் வேர்கள் அறுபடுவது குறைவு. நாற்றுமேடையின் நடுப்பகுதியிலிருந்து, அதாவது முதுமையிலும் உதிராதென்று நம்பத்தக்க இடத்திலிருந்து மட்டுமே எடுப்பதும் இதன் சிறப்பு. கேடு என்னவெனில், பிடரியின் குறுக்கே ஒரு நீண்ட தழும்பு ஆயுள் முழுவதும் நிற்கும். நன்றாகத் தைத்தால் அது மெல்லிய கோடாக இருக்கும். தோல் இறுக்கமாக உள்ளவரிலோ, அகலமாக வெட்டிவிட்டாலோ விரிந்துவிடும். மயிரைக் குறுக வெட்டுவோருக்கு அது வெளித்தெரியும். சில மாதங்களுக்குப் பிடரி மரத்துப்போயிருப்பது வழக்கம்; நரம்பு காயப்பட்டால் அவ்வுணர்ச்சிக்குறைவு நீடிக்கவும் கூடும். காயம் தடித்த வடுவாக வளரும் இயல்புடையோர் கருநிறத் தோலுடைய மக்களிடையே கூடுதலாக உள்ளனர். காது குத்திய இடமோ அம்மை குத்திய இடமோ தடித்து நிற்பவர், எம்முறையைத் தேர்வதற்கும் முன்னரே அதனை வைத்தியருக்குக் காட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, எப். யூ. ஈ. எனப்படும் தனித்தெடுக்கும் முறை. யப்பானிலே மசுமி இனாபா 1988 ஆம் ஆண்டளவிலே ஒரு மில்லிமீற்றர் ஊசியால் மயிர்க்கூட்டங்களைத் தனித்தனியே எடுத்தார். அமெரிக்காவிலே வில்லியம் ரஸ்மனும் அவர் உடனாளரும் 2002 ஆம் ஆண்டிலே இம்முறையை ஆராய்ந்து வெளியிட்டனர். அதன் பின்னரே அது உலகெங்கும் பரவியது. கீற்று வெட்டுவதில்லை, தையல் இல்லை. ஒரு மில்லிமீற்றர் அல்லது அதற்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள குழாய்க்கத்தியாலே, ஒவ்வொரு கூட்டத்தையும் சுற்றித் துளைத்து இழுத்தெடுப்பர். வலி குறைவு, காயம் விரைவிலே ஆறும், மயிரைக் குறுக வெட்டினாலும் கோடு தெரியாது. இவையெல்லாம் மெய்யான நன்மைகள்.

“தழும்பில்லாச் சிகிச்சை” என்று சிலர் விளம்பரஞ் செய்வது மட்டும் மெய்யன்று. துளை ஒவ்வொன்றும் ஆறும்போது ஒரு வெண்புள்ளியை விட்டுச்செல்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்பின் வியப்பாக இருக்கும். 0.9 மில்லிமீற்றர் விட்டமுள்ள 3,000 துளைகளின் பரப்பைக் கூட்டினால் ஏறக்குறைய 19 சதுர சென்ரிமீற்றர் வரும். 25 சென்ரிமீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றர் அகலமும் உள்ள தையற் கோட்டின் பரப்போ 5 சதுர சென்ரிமீற்றரே. துளைகள் ஆறுங்கால் சற்றுச் சுருங்கும் என்பதை விட்டுக்கொடுத்தாலும், தழும்பு குறைந்தது என்று சொல்லுவதற்கில்லை. பரந்து சிதறிக் கிடப்பதனால் கண்ணுக்குப் படவில்லை என்பதே சரி.

இதனினும் பெரிய கேடு வேர் அறுபடுவது. மயிர் தோலுக்கு மேலே நிற்கும் சாய்வும் தோலுக்குள்ளே இறங்கும் சாய்வும் ஒன்றல்ல. கத்தியைச் செலுத்துபவர் தோலுக்குள்ளே பார்க்க முடியாது. கைப்பழக்கத்தால் ஊகித்தே செலுத்துகிறார். ஊகம் தவறினால் வேர் குறுக்கே வெட்டப்படுகிறது. அங்ஙனம் வெட்டப்பட்ட மயிர் பிடரிக்கும் இல்லை, நெற்றிக்கும் இல்லை என்றாகிவிடலாம். சுருள் மயிருடையோரிலே வேரும் வளைந்திருப்பதால் இவ்வாபத்துக் கூடும். மேலும், நம்பத்தக்க நடுப்பகுதியிலே போதிய நாற்று அகப்படாதபோது, மேலும் கீழுமாக எல்லை கடந்து துளைக்கும் ஆசை எழும். எல்லைக்கு வெளியிலிருந்து எடுத்த மயிர் சில ஆண்டுகளிலே நட்ட இடத்திலும் உதிர்ந்துவிடும். ஏனெனில் அது தன் பழைய குணத்தையே கொண்டிருக்கிறது. ஒரே இருப்பிலே அளவுக்கு மீறி எடுத்துவிட்டால், பிடரி பூச்சியரித்த கம்பளிபோலக் காட்சியளிக்கும். அதனை மறைக்க வேறொரு நாற்றுமேடை கிடையாது; தாடிமயிரை எடுத்து ஓரளவு நிரப்பலாம், அதன் தன்மையோ வேறு.

எவ்வளவு எடுக்கலாம்? இயல்பான தலையிலே சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 80 மயிர்க்கூட்டங்கள் உள்ளன. முற்றிய வழுக்கை 200 சதுர சென்ரிமீற்றர் வரை பரவலாம். அங்கே இழந்தவை 16,000 கூட்டங்கள். பிடரியிலிருந்து வெளித்தெரியாதபடி ஆயுள் முழுவதிலும் எடுக்கத்தக்கவை, ஆளுக்கு ஆள் வேறுபடினும், பொதுவாக ஆறாயிரத்தை ஒட்டியே நிற்கின்றன. பதினாறு மூடை கடன்பட்டவரிடம் ஆறு மூடை நெல்லே இருக்கிறது. ஆகவே தேர்ந்த வைத்தியர் இளமைக்கால நெற்றியைத் திருப்பித் தருவதாக வாக்களிப்பதில்லை. நெற்றிக்கோட்டைச் சற்று மேலேயே வைத்து, முன்பகுதியை மட்டும் அளவாக மறைத்து, மிச்சத்தைப் பிற்காலத்துக்கென விட்டுவைப்பார். ஒரு நாற்றுக்கு இவ்வளவு என்று விலை பேசும் இடங்களிலே இத்தகைய சிக்கனம் வருமானத்துக்குப் பகையாகும் என்பதை நோயாளர் நினைவிற் கொள்ளுதல் நன்று.

இருபது வயதினரைப் பல வைத்தியர்கள் திருப்பி அனுப்புவதற்கும் இதுவே காரணம். அவ்விளைஞனின் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்பதை அந்த வயதிலே எவராலும் அறுதியிட முடியாது. அவனது கையிருப்பு முழுவதையும் நெற்றிக்குச் செலவிட்டபின் உச்சி வெளித்தால், கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. திட்டுத் திட்டாக மயிர் உதிரும் நோய்க்கும், அழற்சியால் தோலே தழும்பாகும் நோய்களுக்கும் நோய் தணியாதிருக்கும் காலத்தில் நடுவது வீண். நட்டவையும் அந்நோய்க்கே இரையாகும். பெண்களிலே மயிர் தலை முழுவதும் ஐதாவது பெரும்பான்மை. பிடரியும் மெலிந்திருப்பின் அங்கிருந்து எடுத்து நடுவதால் பயனில்லை.

நடப்படும் இடத்திலும் சில ஆபத்துக்கள் உண்டு. நட்ட மயிர் சில கிழமைகளிலே உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களின் பின்னர் மீண்டும் முளைத்து, ஓராண்டளவிலே முழுப்பயன் தருவது இயல்பு. அண்டையிலிருந்த பழைய மயிரும் அதிர்ச்சியால் உதிர்வதுண்டு; அதிற் பெரும்பகுதி திரும்பும், மெலிந்து நின்றவை திரும்பாமலும் போகலாம். தலைத்தோலுக்குக் குருதியோட்டம் மிகுதியாதலால் கடுந்தொற்று அரிது. ஆயினும் மிக நெருக்கமாகத் துளையிட்டு நட்டால் குருதியோட்டம் குன்றி, தோலே கருகிச் சாவதுண்டு. புகைபிடிப்போரிலும் நீரிழிவு கட்டுக்கடங்காதவரிலும் இவ்வாபத்து அதிகம்.

உயிராபத்தைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதேயில்லை. அது விறைப்பூசியிலே மறைந்திருக்கிறது. முழு மயக்கம் கொடுக்காது, இடத்தை மட்டும் விறைக்கச் செய்வதால் இச்சிகிச்சை எளியதென்று பலர் எண்ணுவர். அட்ரினலின் கலந்த லிடோகெயின் மருந்துக்கு உடல் நிறை ஒரு கிலோகிராமுக்கு 7 மில்லிகிராம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் உச்ச அளவு. 60 கிலோகிராம் நிறையுடையவருக்கு அது 420 மில்லிகிராம். நூற்றுக்கு ஒரு பங்கு கரைசலானால் 42 மில்லிலீற்றர். தலையின் முன்னும் பின்னும் மணிக்கணக்காக ஊசி ஏற்றப்படும் சிகிச்சையிலே இவ்வளவைத் தாண்டுதல் கடினமன்று. தாண்டினால் வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் தோன்றலாம். அரிதாக, சிறிதளவு மருந்தினாலும் கடும் ஒவ்வாமை வரக்கூடும். அவ்வேளையிலே ஒட்சிசனும் உயிர்காக்கும் மருந்தும் அவற்றைக் கையாளத் தெரிந்தவரும் அருகில் இருக்கிறார்களா என்பதே கேள்வி. சென்னையிலே 2016 ஆம் ஆண்டு இச்சிகிச்சைக்குச் சென்ற ஓர் இளைஞர் உயிரிழந்தார். இந்தியாவின் வேறு நகரங்களிலிருந்தும் பின்னர் அத்தகைய செய்திகள் வந்தன. இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிவுறுத்தலில், பயிலரங்குகளிலோ யூடியூப் காட்சிகளிலோ பார்த்துக் கற்றது இச்சிகிச்சையைச் செய்வதற்குப் போதிய பயிற்சியாகாது என்று கூறவேண்டியிருந்தது. அப்படிக் கூறவேண்டியிருந்ததே நிலைமையை உணர்த்தும்.

தனித்தெடுக்கும் முறைக்குக் கீற்று முறையைப்போல வெட்டித் தைக்கும் திறமை வேண்டியதில்லை; கருவி ஒன்றும் சில மாதப் பழக்கமும் போதுமென்று பலர் துணிந்துவிட்டனர். உலகெங்குமிருந்து ஆட்கள் சென்று குவியும் இஸ்தான்புல் நகரிலே நல்ல வைத்தியர்களும் இருக்கின்றனர். வைத்தியரின் பெயரைப் பலகையிலே தொங்கவிட்டு, உள்ளே வேறு கைகள் துளையிடும் இடங்களும் இருக்கின்றன. இந்நிலை துருக்கிக்கு மட்டும் உரியதன்று. ஆதலால், எந்த முறை என்று கேட்பதற்கு முன்னர், விறைப்பூசி போடுவது யார், பிடரியிலே துளையிடுவது யார், அவர் பதிவுபெற்ற வைத்தியரா, எத்தனை கூட்டங்களை எடுக்கப்போகிறார், எடுத்தபின் எத்தனை எஞ்சும் என்று கேட்டறிதல் பயனுடையது. எஞ்சுவது எவ்வளவு என்ற கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்பவர் பிடரியை அளந்து பார்த்தவராயிருப்பார். தோல் இறுக்கமற்று, மயிரை நீள வளர்க்கும் ஒருவருக்குப் பெருந்தொகை நாற்று வேண்டுமாயின் அவர் கீற்று முறையையும், மயிரைக் குறுக வெட்டும் வழக்கமுடையவருக்குச் சிறுதொகை போதுமாயின் தனித்தெடுக்கும் முறையையும் எடுத்துரைக்கக்கூடும். சத்திரசிகிச்சைக்கு முன்னர் மருந்தைச் சிலகாலம் பயன்படுத்தச் சொல்லவும் கூடும். தலையிற் பூசும் மினொக்சிடில் 1988 ஆம் ஆண்டிலும், உட்கொள்ளும் பினஸ்டெரைட் 1997 ஆம் ஆண்டிலும் வழுக்கைக்கென அமெரிக்காவிலே அங்கீகாரம் பெற்றன. இவை இருக்கும் மயிரைக் காக்க உதவுவன. நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். பினஸ்டெரைட் சிலரிலே இல்லற நாட்டத்தைக் குறைப்பதுண்டு. மனச்சோர்வு கண்டாரும் உளர். எனினும் மாத்திரையை நிறுத்திவிடலாம். பிடுங்கிய நாற்றை மீண்டும் பிடரியிலே நாட்ட இயலாது.

கெட்டுப்போன தலைகளைத் திருத்துவதே இன்று இத்துறையிலே ஒரு தனிக் கிளையாக வளர்ந்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன்னர் நடப்பட்ட பழைய மயிர்க்கொத்துகளை அதே குழாய்க்கத்தியால் மெல்லத் தோண்டியெடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழே ஒன்றும் இரண்டுமாகப் பிரித்து, மீண்டும் நெற்றியிலே நடுகிறார்கள். முற்றாக மறைவதில்லை, பொம்மைத் தலை என்று குழந்தைகள் சுட்டாத அளவுக்கு மறைகிறது. துளைகளால் ஐதாகிய பிடரிக்கோ அத்தகைய கைமருந்தும் குறைவு. தோலின்மேல் மயிர்போலப் புள்ளிகளைப் பச்சைகுத்தி, தூரத்துப் பார்வைக்கு நிழலாடச் செய்வதே அங்கே பெரும்பாலும் செய்யக்கூடியது.